துவரும் பதமும்: பாலாற்றுத் தோல் தொழிற்பகுதியின் கைவைத்தியமும் அயர்லாந்து நாட்டார் மருத்துவமும் – ஓர் ஒப்பீட்டு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

நாட்டார் மருத்துவம் பற்றிய தமிழ் ஆய்வுகள் பெரும்பாலும் நோயின் பெயரையோ மூலிகையின் பெயரையோ அடிப்படையாகக் கொண்டு செய்திகளைத் தொகுக்கின்றன. வாலாஜாபேட்டை, இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களை உள்ளடக்கிய பாலாற்றுத் தோல் தொழிற்பகுதியில் வேறொரு வகைப்பாடு செயற்படுவதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. தோலைப் பதனிடப் பயன்பட்ட ஆவாரம்பட்டையும் கடுக்காயும் வீட்டு மருந்தாகவும் விளங்கின. இவ்விரு பயன்களையும் இணைப்பது துவர் என்னும் பண்பு. அயர்லாந்தில் ஒரே வேர் தோலுக்கும் வயிற்றுக்கும் பயன்பட்ட செய்தி இக்கருத்துக்கு வலுச்சேர்க்கிறது. துவர் என்னும் சொல்லின் பொருட்பரப்பு, பதம் என்னும் சொல்லின் தொழில்வழக்கு, இவ்வகைப்பாட்டின் எல்லைகள், குரோமியப் பதனீட்டிற்குப் பின் ஏற்பட்ட மாற்றம் ஆகியன இங்கு விளக்கப்பெறுகின்றன.

திறவுச்சொற்கள்: துவர், பதம், கைவைத்தியம், ஆவாரை, கடுக்காய், மாசிக்காய், தோல் பதனிடுதல், அயர்லாந்து நாட்டார் மருத்துவம்.

1. முன்னுரை

ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய வாலாஜாபேட்டை, பாலாற்றின் வடபுறத்தே அமைந்த பழைய வணிக நகரம். 1856ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல்நாள் தென்னிந்தியாவின் முதற் பயணியர் தொடர்வண்டி இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு நிலையம் வரை ஓடியது. இத்தடம் உள்நாட்டுச் சரக்கைச் சென்னைத் துறைமுகத்தோடு இணைத்தது. வாலாஜாபேட்டை நெசவுக்கும் தானிய வணிகத்திற்கும் பெயர்பெற்றது. தோல் பதனிடும் தொழில் அண்டையிலுள்ள இராணிப்பேட்டை, மேல்விசாரம் ஆகிய ஊர்களிலும், மேற்கே பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களிலும் வேரூன்றியது.

இப்பகுதியின் கைவைத்தியத்தைச் சித்த மருத்துவ நூல்களின் எளிய வடிவமாகவோ சிதைந்த வடிவமாகவோ காண்பது வழக்கம். இப்பார்வை முழுமையானதன்று. ஒரு பொருளின் பண்பை மக்கள் மருந்தாக உண்டு மட்டும் அறிவதில்லை. தொழிலில் கையாண்டும் அறிகிறார்கள். உழவும் நெசவும் தோல் தொழிலும் பொருளறிவைத் தருவன. அவ்வறிவு அடுக்களை மருந்தோடு எவ்விடத்தில் ஒன்றுபடுகிறது என்பதே இக்கட்டுரையின் வினா.

2. துவர் என்னும் சொல்

அறுசுவைகளுள் ஒன்று துவர்ப்பு. சித்த மருத்துவக் கோட்பாடு இதனை மண்ணும் காற்றும் கூடிய சுவை என வகுக்கும். ஆயினும் துவர் என்னும் சொல் சுவையோடு நின்றுவிடுவதன்று. அது செந்நிறத்தையும் குறிக்கும். துவர்வாய், துவராடை ஆகிய தொடர்கள் இதற்குச் சான்று. துவர்தல் என்னும் வினை ஈரம் புலர்தலைக் குறிக்கும். துவர்த்துதல் என்பது ஈரத்தைத் துடைத்து உலர்த்துதல். நாஞ்சில் நாட்டில் துண்டைத் துவர்த்து என வழங்குவதும், மலையாளத்தில் தோர்த்து என வழங்குவதும் இவ்வினையின் வழிவந்தன.

சுவை, செந்நிறம், உலர்த்துதல் என்னும் இம்மூன்று பொருள்களும் ஒரு சொல்லின் கீழ் அமைவதைச் சொல்லாய்வாளர் வெவ்வேறு வேர்களின் தற்செயல் ஒற்றுமையாகவும் கொள்ளக்கூடும். வேர் ஒன்றாயினும் பலவாயினும், வழக்கில் இம்மூன்றும் ஒரே பொருட்டொகுதியைச் சுட்டுகின்றன. மரப்பட்டையை ஊறவைத்த நீர் சிவக்கும். அதனைச் சுவைத்தால் நாக்கு இறுகும். அது பட்ட இடம் ஈரம் குன்றும். இன்றைய வேதியியல் டானின் என்று சுட்டும் துவர்ப்பொருளின் புலனறி இயல்புகள் இவையே.

பண்டை இலக்கியமும் துவரைப் பொருட்டொகுதியின் பெயராக அறிந்திருந்தது. சிலப்பதிகாரக் கடலாடு காதையில் மாதவியின் நீராட்டிற்குரிய பொருள்களுள் பத்துத்துவர் இடம்பெறுகிறது. உரைமரபு அப்பத்தனுள் திரிபலையையும் கருங்காலியையும் நாவலையும் நால்வகைப் பால்மரங்களையும் சேர்க்கிறது. திரிபலை மூன்றனுள் கடுக்காயும் ஒன்று. எனவே மேனிக்குரிய துவரும் பிற்காலத்தில் பதனிடும் தோலுக்குரிய துவரும் ஒரு பொருளில் சந்திக்கின்றன. குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலிலும், மடலேறுவோன் சூடும் மாலையாகச் சங்கப் பாடல்களிலும் இடம்பெறும் ஆவிரையே இன்றைய ஆவாரை என்பதும் இங்கு நினையத்தக்கது.

3. பட்டையும் காயும்

விலங்கின் தோலில் நார்வடிவப் புரதமாகிய கொலாஜன் நிறைந்துள்ளது. பதனிடாத தோல் ஈரத்தில் அழுகும், வெயிலில் விறைக்கும். மரப்பட்டையின் துவர்ப்பொருள் இப்புரத நார்களோடு பிணைந்து அவற்றை ஒன்றோடொன்று இறுக்குகிறது. அதன்பின் தோல் அழுகாது, மடக்கினாலும் முறியாது. மரப்பட்டைப் பதனீட்டின் அடிப்படை இதுவே.

சென்னை மாகாணத்தில் இப்பணிக்குத் தலையாய பொருள் ஆவாரம்பட்டை. அதில் ஏறத்தாழ 18 விழுக்காடு துவர்ப்பொருள் உண்டு. கொன்றைப்பட்டையும் கருவேலம்பட்டையும் துணையாகப் பயன்பட்டன. சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து மயிர் நீக்கிய தோல் பட்டைநீரில் பல நாள் ஊறும். இறுதியில் கடுக்காய் நீரில் தோய்ந்து, எண்ணெய் பூசப்பெற்று உலரும். ஆவாரம்பட்டை தரும் செம்மை வெயில்பட்டு மேலும் கருஞ்சிவப்பாகாதவாறு கடுக்காய் காத்தது. தோலுக்கு இளமஞ்சள் நிறத்தையும் தந்தது. இவ்வாறு பதமான தோலே ‘கிழக்கிந்தியத் தோல்’ என்னும் பெயரில் இலண்டன் சந்தையை அடைந்தது. ஆவாரையின் ஆங்கிலப் பெயர்களுள் ஒன்று ‘டானர்ஸ் காசியா’, அதாவது தோல் பதனிடுவோரின் காசியா, என்பதாகும்.

அதே ஆவாரையின் பூ, தமிழகத்தின் பல பகுதிகளிலும் உடற்சூடு தணிக்கும் குடிநீராகவும், உலர்த்திப் பொடித்த நிலையில் குளியற்பொடியாகவும் வழங்குகிறது. இலங்கையில் ரணவரா என்னும் பெயரில் அது தேநீர்போல் அருந்தப்படுகிறது. சித்த மருத்துவத்தில் ஆவாரைக் குடிநீர் நீரிழிவுக்குரிய கூட்டு மருந்து. கடுக்காய் நாட்டு மருந்துக் கடைகளில் இன்றும் அன்றாட விற்பனைப் பொருள். கருவேலம்பட்டை பற்பொடியில் சேர்கிறது. ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி எனக் கூறும் பழமொழி, துவர் மிகுந்த இரு மரங்களையே தெரிந்துரைக்கிறது என்பது கருதத்தக்கது.

தொழிலிலிருந்து மருந்து பிறந்தது என்றோ மருந்திலிருந்து தொழில் பிறந்தது என்றோ கூறுவது இங்கு நோக்கமன்று. மருந்துப் பயன் ஏற்றுமதித் தொழிலைவிடத் தொன்மையானது என்பதில் ஐயமில்லை. நாக்கால் அறிந்த ஒரு பண்பை இரு களங்களும் தத்தம் வழியில் கையாண்டன என்பதே இங்கு வலியுறுத்தப்படுவது.

பதம் என்னும் சொல்லும் இதற்குத் துணைநிற்கிறது. தோலைப் பதனிடுதல் என்கிறோம். சோற்றுக்குப் பதம் பார்க்கிறோம். மருந்து செய்வோர் பாகுபதம், மெழுகுபதம், இலேகியப்பதம் என்கின்றனர். பொருள் தக்க நிலையை அடைந்ததைக் கையும் கண்ணும் நாக்கும் தீர்மானிக்கும் அறிவையே மூன்று வழக்குகளும் குறிக்கின்றன. துவர் பண்பின் பெயர். பதம் அப்பண்பைக் கையாளும் அறிவின் பெயர்.

4. சிறுநோய்களும் துவர்மருந்துகளும்

கைவைத்தியம் பெரிதும் கருதுவது சளி, இருமல், வயிற்றுப்போக்கு, வாய்ப்புண், ஈறுநோய், சிறுகாயம், தோல் அரிப்பு ஆகிய அன்றாட நோய்களை. இவற்றுள் சளிக்கும் இருமலுக்கும் தூதுவளை, துளசி, ஆடாதொடை, சுக்கு, மிளகு என்னும் காரமும் கசப்புமான பொருள்கள் பயன்படுகின்றன. காய்ச்சலுக்கு நிலவேம்பின் கசப்பு. கசிவும் ஒழுக்கும் உள்ள நோய்களுக்கோ துவர்ப்பொருள்கள் முன்வருகின்றன. வயிற்றுப்போக்கிற்கு மாதுளைத்தோல், பாலில்லாக் கடுந்தேநீர். ஈறில் குருதி கசிந்தால் கருவேலம்பட்டை நீர். வாய்ப்புண்ணுக்குக் கடுக்காய், கொய்யாக் கொழுந்து. நோய்களின் பெயர்கள் வேறு, உறுப்புகள் வேறு, மருந்தின் சுவை ஒன்று.

இதன் காரணம் தோல் தொட்டியில் நிகழ்வதற்கு அயலானதன்று. துவரான ஒன்றை மெல்லும்போது உமிழ்நீரின் புரதங்கள் துவர்ப்பொருளோடு பிணைந்து திரிகின்றன. உமிழ்நீரின் வழுவழுப்பு நீங்குகிறது. நாக்கு இறுகியதுபோல் உணர்கிறோம். குடலின் மென்சவ்விலும் புண்ணின் மேற்பரப்பிலும் இதனையொத்த பிணைப்பு நிகழ்வதால் மெல்லிய காப்புப்படலம் உருவாகிக் கசிவு குறைகிறது. துவர்ப்பு என்னும் உணர்வே, வாய்க்குள் நிகழும் ஒரு சிறு பதனீடு எனலாம். ஆகவே நாக்கால் மருந்தைத் தெரிந்த முன்னோர் முறை வெறும் நம்பிக்கையன்று; பொருளின் செயலை நேரே சோதிக்கும் முறை.

குழந்தைகளுக்கான உரைமருந்து இவ்வகையில் தனிக்கவனம் பெறத்தக்கது. கடுக்காய், சாதிக்காய், வசம்பு, சுக்கு ஆகியவற்றோடு மாசிக்காயையும் கல்லில் இழைத்துப் புகட்டுவது தமிழ்நாட்டு வழக்கம். மாசிக்காய் உண்மையில் காயன்று. மேற்காசியாவில் வளரும் ஒருவகை ஓக் மரத்தின் கிளையில் சிறு குளவியொன்று முட்டையிடுவதால் உண்டாகும் புடைப்பு அது. துவர்ப்பொருள் மிகச் செறிந்த இயற்கைப் பொருள்களுள் ஒன்றாகிய அது, மையும் சாயமும் ஆக்கவும் பயன்பட்டது. பாலாற்றங்கரையில் ஓக் மரம் வளர்வதில்லை. எனினும் அதன் துவர் வணிகவழியாக வந்து தமிழ்த் தாய்மாரின் இழைகல்லை அடைந்தது. அடுத்து நோக்கவிருக்கும் அயர்லாந்திலோ ஓக் மரப்பட்டையே துவருக்கு முதல்.

5. அயர்லாந்து ஒப்பீடு

அயர்லாந்து நாட்டார் மருத்துவம் ஒப்பீட்டிற்கு ஏற்றதாவதற்கு இரு காரணங்கள் உண்டு. முதலாவது, தொகுப்பின் விரிவு. 1937 முதல் 1939 வரை ஐரிஷ் நாட்டார் வழக்காற்றியல் ஆணையத்தின் முயற்சியால் ஏறத்தாழ 5,000 தொடக்கப்பள்ளிகளின் மாணவர்கள் தம் வீட்டிலும் ஊரிலும் உள்ள முதியோரிடம் கேட்டு வழக்காறுகளை எழுதினர். இப்பள்ளித் தொகுப்பு இலட்சக்கணக்கான பக்கங்கள் கொண்டது; அதன் பொருள்களுள் ஊர்மருந்துகளும் அடங்கும். காஞ்சொறி போன்ற நெட்டில் செடி பட்ட அரிப்புக்கு டாக் இலையைத் தேய்த்தல், இருமலுக்குக் காரகீன் என்னும் கடற்பாசியைக் காய்ச்சிக் குடித்தல், சுளுக்குக்குக் காம்ஃப்ரி வேரை அரைத்துக் கட்டுதல் ஆகியன அந்நாட்டின் பரவலான வழக்கங்கள். புனிதக் கிணறுகளை வலம்வருதல், ஏழாவது மகனின் கைக்கு நோய்தீர்க்கும் ஆற்றல் உண்டெனக் கருதுதல் ஆகிய நம்பிக்கைகளும் அவற்றோடு உடன்வாழ்ந்தன.

இரண்டாவது காரணம் இக்கட்டுரைக்கு நேரே தொடர்புடையது. ஐரோப்பாவின் பிறநாடுகளைப் போலவே அயர்லாந்திலும் தோல் பதனிட ஓக் பட்டையே முதன்மைப் பொருள். ஐரிஷ் மொழியில் பட்டையைக் குறிக்கும் ‘கோர்ட்’ என்னும் சொல்லே பதனிடும் வினைக்கும் அடியாயிற்று. காடுகள் அழிந்து ஓக் பட்டை அரிதானபோது மாற்றுப்பொருள் தேடப்பட்டது. டப்ளினைச் சேர்ந்த வில்லியம் மேப்பிள், மரப்பட்டையின்றித் தோல் பதனிடும் முறையைப் பற்றி 1729இல் ஒரு நூல் வெளியிட்டார். அயர்லாந்து நாடாளுமன்றம் அவர் முயற்சிக்குப் பரிசளித்தது. அவர் கண்ட மாற்று, டார்மென்டில் என்னும் சிறு செடியின் வேர்.

மஞ்சள் நிற நான்கிதழ்ப் பூவும் வெட்டினால் சிவக்கும் தடித்த வேரும் உடையது இச்செடி. அயர்லாந்து மக்கள் இவ்வேரைப் பாலிலோ நீரிலோ காய்ச்சி வயிற்றுப்போக்கிற்கு அருந்தினர். கன்றுகளின் கழிச்சலுக்கும் புகட்டினர். வேதனையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே டார்மென்டில் என்னும் பெயருக்கு அடி; வயிற்றுவலியையும் பிற நோவுகளையும் தீர்ப்பதாகக் கருதப்பட்டமையால் அப்பெயர் அமைந்தது. சிவந்த நிறம், நாக்கை இறுக்கும் சுவை, கசிவை உலர்த்தும் செயல், தோலைப் பதனிடும் ஆற்றல் ஆகிய நான்கும் ஒரே வேரில். தமிழில் இதற்குப் பொருத்தமான ஒரே சொல் துவர்.

பாலாற்றுப் பகுதிக்கும் அயர்லாந்துக்கும் இம்மருந்துகளின் வழியே வரலாற்றுக் கொடுக்கல்வாங்கல் இருந்ததெனக் கொள்ள இடமில்லை. ஆவாரைக்கும் டார்மென்டிலுக்கும் தாவரக்குடும்பமும் வேறு, மண்ணும் வேறு. தொடர்பில்லாத இரு சமுதாயங்கள் ஒரே முடிவை அடைந்தன என்பதே ஒப்பீட்டின் பயன். நூல்மரபு ஒன்றிலிருந்து வழிவழியாக இறங்கிய செய்தியாக மட்டும் நாட்டார் மருத்துவத்தைக் காண்போமாயின் இவ்வொற்றுமையை விளக்க இயலாது. புலனறிவும் தொழிலறிவும் அதன் ஊற்றுகள் எனக் கொண்டால் விளக்கம் எளிதாகிறது.

வேறுபாடும் குறிப்பிடத்தக்கது. ஐரிஷ் மொழி பதனிடும் வினையைப் பட்டை என்னும் மூலப்பொருளால் பெயரிட்டது. தமிழோ பண்பைத் துவர் எனத் தனியே பிரித்துப் பெயரிட்டு, அறுசுவைக் கோட்பாட்டில் அதற்கு இடமளித்தது. பட்டை, பூ, காய், வேர், புடைப்பு எனப் பொருள் எதுவாயினும் பண்பால் ஒன்றுசேர்க்கும் வாய்ப்பு தமிழ்ச் சொற்கோவையிலேயே அமைந்திருக்கிறது.

6. வகைப்பாட்டின் எல்லைகள்

துவர் எல்லாவற்றையும் விளக்கிவிடும் எனக் கொள்ளுதல் பிழை. முதல் தடை கடுக்காயே. அது துவர்மிக்கது, வாய்ப்புண்ணையும் ஈறையும் இறுக்குவது, ஆயினும் உண்டால் மலத்தை இளக்குவது. துவர்ப்பு கட்டும் என்னும் விதிக்கு இது மாறு. உப்பு நீங்கலாக ஐந்து சுவைகளும் கடுக்காயில் உண்டு எனக் கூறும் மருத்துவ மரபு இம்மாறுபாட்டை அறிந்தே சுவைகளைப் பெருக்கிற்று எனலாம். கடுக்காயின் உட்கொட்டையையும் சுக்கின் புறத்தோலையும் நஞ்சென விலக்கும் பழமொழி, பொருளின் பெயரைவிட அதன் உறுப்பே முதன்மை என உணர்த்துகிறது. கொன்றையும் அவ்வாறே: அதன் பட்டை பதனிடப் பயன்படும், காயின் சதையோ பேதி மருந்து. எனவே துவர் முதல் அறிகுறி. உறுப்பும் அளவும் பதமும் அதனைத் திருத்தும் அறிவுகள்.

இரண்டாவது எல்லை மருத்துவம் சார்ந்தது. துவர்மருந்து கசிவைக் குறைக்கலாம். இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யாது. வயிற்றுப்போக்கால் நேரும் உயிரிழப்பிற்கு உடல் நீரிழத்தலே முதற்காரணம் ஆதலின், உப்புச்சர்க்கரைக் கரைசலுக்கு அது மாற்றாகாது. ஆறு திங்கள் நிரம்பாத குழந்தைக்குத் தாய்ப்பாலன்றி வேறெதுவும் வேண்டா என்னும் இன்றைய மருத்துவ அறிவுரை உரைமருந்துக்கும் பொருந்தும். ஆவாரை நீரிழிவுக்கு உதவும் என்பதற்கு விலங்குச் சோதனைகள் சில குறிப்புகளைத் தருகின்றன. மருத்துவர் தரும் மருந்தை நிறுத்துவதற்கு அவை போதிய சான்றாகா. ஒரு வழக்கத்தின் அறிவுநெறியை விளக்குவது அதனைப் பரிந்துரைப்பதாகாது என்பதை ஆய்வாளர் தெளிவாக்குதல் கடமை.

7. குரோமியத்திற்குப் பின்

ஆல்பிரட் சாட்டர்டன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் குரோமியப் பதனீட்டைச் சோதித்தார். எனினும் நெடுங்காலம் மரப்பட்டை முறையே மேலோங்கியிருந்தது. ஆவாரம்பட்டை அரிதாகவே ஆப்பிரிக்காவிலிருந்து வந்த வாட்டில் பட்டைச்சாறு அதன் இடத்தைப் பெரிதும் பிடித்தது. 1972இல் சீதாராமையா குழுவின் பரிந்துரையை அடுத்து, பாதிபதனிட்ட தோலின் ஏற்றுமதி கட்டுப்படுத்தப்பட்டு, முற்றும் பதனிட்ட தோலும் தோற்பொருள்களும் ஊக்குவிக்கப்பட்டன. பாலாற்றுப் பகுதித் தொழிற்சாலைகள் பெருமளவில் குரோமியத்திற்கு மாறின. பல நாள் எடுத்த பணி விரைவில் முடிந்தது.

இம்மாற்றத்தால் நேர்ந்த ஓர் இழப்பு ஆய்வாளர் கவனத்திற்கு அதிகம் வரவில்லை. பட்டைநீரின் வன்மையை நாக்கால் உணரலாம். குரோமிய உப்பை எவரும் சுவைத்துப் பார்க்க இயலாது. தொட்டியிலுள்ள பொருளும் அடுக்களைப் பொருளும் ஒன்றாயிருந்த நிலை முடிவுற்றது. தோல் வேலையைக் கையால் செய்தோர் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர். அவர்தம் பொருளறிவு மருத்துவ நூல்களிலும் இடம்பெறவில்லை. தொழில்நுட்ப நூல்களிலும் இடம்பெறவில்லை. தொழில் மாறியபோது அது எழுதப்படாமலே மறையத் தொடங்கியது.

மற்றொரு கேடு மண்ணில் நேர்ந்தது. வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28இல் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, தோல் தொழிற்பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் வேளாண்நிலம் முழுமையாகவோ ஓரளவோ பயிருக்குத் தகுதியிழந்ததை எடுத்துரைத்தது; மாசுபடுத்தியோரே இழப்பீடு தரவேண்டும் என்னும் நெறியையும் வலியுறுத்தியது. மரப்பட்டை முறையும் சுண்ணாம்புக் கழிவையும் நாறும் நீரையும் ஆற்றில் கலந்ததே. அதனைத் தூயதெனப் போற்றுதல் பொருந்தாது. ஆயினும் கழிவுநீர் பாய்ந்த வரப்பில் முளைத்த கீழாநெல்லியை ‘இயற்கை மருந்து’ எனப் பறிப்பதில் இன்று புதிய இடர் உண்டு. மண்ணிலுள்ள குரோமியத்தை நாக்கு காட்டிக்கொடாது. சுவையை நம்பிய அறிவுமுறை, சுவையால் அறியவொண்ணாத நஞ்சின்முன் துணையற்று நிற்கிறது.

8. முடிவுரை

நாட்டார் மருத்துவத்தை நோய்ப்பட்டியலாகவோ மூலிகைப்பட்டியலாகவோ தொகுக்கும்போது ஆவாரம்பூ ஓரிடத்திலும் கருவேலம்பட்டை ஓரிடத்திலும் மாசிக்காய் வேறோரிடத்திலும் சிதறுகின்றன. பண்பை அடிப்படையாகக் கொண்டால் அவை ஒன்றுசேர்கின்றன. அவற்றோடு தோல் தொட்டியும் சேர்கிறது. அயர்லாந்தின் டார்மென்டில் வேர் இவ்வாய்வுநெறி ஒரு மண்ணுக்கு மட்டும் உரியதன்று என மெய்ப்பிக்கிறது.

அயர்லாந்து மாணவர்கள் தம் பாட்டன் பாட்டியரிடம் கேட்டெழுதிய காலத்தில் அம்மருந்துகள் பல வழக்கில் இருந்தன. பாலாற்றுப் பகுதியிலோ பட்டைத்தொட்டியில் கைநனைத்த தலைமுறை முதுமையடைந்து வருகிறது. எந்நோய்க்கு எம்மருந்து என்னும் வினாவோடு நில்லாமல், பட்டைநீரின் வன்மையை எவ்வாறு அறிந்தீர்கள், பதம் வந்ததை எதனால் கண்டீர்கள், எப்பொருளை வீட்டுக்கும் கொண்டுசென்றீர்கள் என்னும் வினாக்களையும் கள ஆய்வாளர் அவர்களிடம் கேட்டுப் பதிவு செய்தல் வேண்டும். வாலாஜாபேட்டை முதல் வாணியம்பாடி வரையுள்ள கல்லூரித் தமிழ்த்துறைகள் தத்தம் மாணவரைக் கொண்டே இப்பணியைத் தொடங்க இயலும்.